முருகனுக்கு முறை வைத்த காலை பஸ்

இந்த ஊரில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு காலை, மிஸஸ் ஹார்ட்லி என்ற வயதான அம்மாள் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நான் பின்படியில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கடிகாரத்தில் நேரம் ஆகிவிட்டது. இரண்டு முறை மணி அடித்தேன், வண்டி கிளம்பிவிட்டது. அம்மாள் நடுத்தெருவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் "சாரி, லவ்" என்றார்; இங்கே வயதானவர்கள் யாரையும் 'கண்ணு' என்கிற மாதிரி 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். திண்டுக்கல்லில் ஒருவரை இப்படி விட்டுவிட்டுப் போயிருந்தால் என் பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரித்திருப்பார்கள். இங்கே மன்னிப்புக் கேட்கிறார்கள். வைதிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த "சாரி" நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

ஊரில் என்னை அறிந்தவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். இந்த வட இங்கிலாந்து நகரத்துக்குக் கண்டக்டராக வருவதற்கு முன்பு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் டைம் கீப்பர். நிலக்கோட்டையிலிருந்து சித்தையன்கோட்டை வழியாக வரும் எங்கள் காலை பஸ்ஸின் கூரை முழுக்க மல்லிகைக் கூடைகள் இருக்கும். அவை திண்டுக்கல்லில் ரயிலேற வேண்டும். ரயிலை விட்டால் மொட்டெல்லாம் அங்கேயே விரிந்து, சாயங்காலம் மாட்டுக்குத்தான் ஆகும். பஸ் வாரத்தில் நாலு நாள் ரயிலை விட்டது.

பஸ் வந்து சேரும் நேரத்தை எழுத என்னிடம் ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுத அதில் இரண்டே கட்டம். ஒன்று 'இயந்திரக் கோளாறு', மற்றது 'டிரைவர்'. இயந்திரம் என்று எழுதினால் மெக்கானிக்குக்குக் கோபம் வரும்; அவர் எனக்குத் தூரத்து மாமா முறை. ஆகவே தினமும் 'டிரைவர்' என்றே எழுதிவைத்தேன். டிரைவர் கருப்பண்ணன் தங்கமான மனிதர். அவரிடம் கோபப்பட ஒரு காரணமும் எனக்குக் கிடையாது. அந்தக் கட்டம் கைக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் முதலாளி ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். பூ வியாபாரிகள் வேறு கம்பெனிக்குப் போகப் போவதாக மிரட்டியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பஸ் நேரத்துக்கு வராவிட்டால் கருப்பண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பெண் பிள்ளைகளை வைத்திருந்த மனிதரின் வேலைக்கு என் பேனாவே உலை வைத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த பஸ்ஸில் தினமும் வந்து, தினமும் வகுப்புக்குப் பிந்திப்போன ஒரு பயணி இருந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திய செல்லையா சார். வாத்தியார்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே ஆராய்ந்து திருத்திக்கொள்ள ஒரு புது முறை வந்திருக்கிறது, அதற்கு 'ஆக்ஷன் ரிசர்ச்' என்று பெயர் என்றார். யாரோ மேலதிகாரி வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்கிறவனே உட்கார்ந்து கவனிக்க வேண்டும், எழுத வேண்டும், ஒரே ஒரு காரியத்தை மாற்றிப் பார்க்க வேண்டும், சரிப்படாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இது பள்ளிக்கூடத்துக்கு மட்டுமா, பஸ்ஸுக்கும் ஆகுமா என்று கேட்டேன். மாணவர்கள் இருக்கும் இடமெல்லாம் ஆகும் என்றவர், கொஞ்சம் யோசித்து, பயணிகளும் ஒரு வகை மாணவர்களே என்றார்.

முதலாளியிடம் அனுமதி வாங்கி, ஒரு நோட்டோடு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் பஸ் கடிகாரம் மாதிரி ஓடியது. நோட்டைக் கண்டு ஊரே பயந்துவிட்டது. மூன்றாம் நாள் எல்லோருக்கும் பயம் தெளிந்து, விஷயம் வெளியே வந்தது. வழியில் நாலு ஊர்களில் பூக்கூடை ஏறும். ஒவ்வோர் ஊரிலும் பூக்காரி ஒருத்தி ஒரு முழம் பூவை நீட்டுவாள். கருப்பண்ணன் எஞ்சினை அணைத்து, இறங்கிக் கை கால் கழுவி, தன் தலைக்கு மேல் மாட்டியிருந்த முருகன் படத்துக்குச் சாத்திக் கும்பிடுவார். அந்தப் பழைய எஞ்சினை ஒரு முறை அணைத்தால், முன்னால் ஹேண்டிலை மாட்டிச் சுற்றித்தான் மறுபடி கிளப்ப முடியும். நாலு ஊரிலும் கண்டக்டர் வியர்க்க வியர்க்கச் சுற்றுவார். அதற்குள் இறங்கினவர்கள் வெற்றிலை போட்டுவிட்டு வருவார்கள்.

எஞ்சினை அணைக்காமல் பூப் போடலாமே என்று கருப்பண்ணனிடம் பதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சாமிக்கு முன்னாடி இப்பிடி உறும விடலாமா தம்பி? எஞ்சின் ஓடிக்கிட்டிருந்தா நான் சொல்றது அவருக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றார். நோட்டில் 'முதல் மாற்றம்: ஏற்கப்படவில்லை' என்று எழுதினேன்.

இரண்டாவது மாற்றம் என் சொந்த யோசனை, அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நாலு ஊரும் நாள்தோறும் போடுவதற்குப் பதிலாக, ஊருக்கு ஒரு நாள் என்று முறை வைத்தேன். எஞ்சினை அணைப்பது நாலு தடவையிலிருந்து ஒன்றாகக் குறையும் அல்லவா. செல்லையா சார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆனால் நம் ஜனங்களிடம் 'முறை' என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. திருவிழாவில் மண்டகப்படி கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டார்கள். முதல் ஊர் ஆளுயர மாலை கட்டியது. பக்கத்து ஊருக்காரர்கள் சும்மா இருப்பார்களா, பொங்கல் வைத்துப் பயணிகள் அனைவருக்கும் இலையில் கொடுத்தார்கள். மூன்றாம் ஊர் கொட்டுமேளம் கொண்டுவந்தது, நாலாம் ஊர் ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம் கொடுத்தது. நாலாம் நாள் பஸ் வந்து சேர்ந்தபோது ரயில் எந்த ஊரைத் தாண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது. செல்லையா சார் மட்டும் சுண்டல் பொட்டலத்தோடு இறங்கி, ஆராய்ச்சியில் தோல்வியும் ஒரு முடிவுதான் என்று சொல்லிவிட்டு நடந்தார். கருப்பண்ணனுக்கு அப்போது ஒரே வாரம் மிச்சமிருந்தது. அவர் என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, நான் சாப்பிடவில்லை என்று கண்டு, எனக்கென்று ஒரு பொட்டலம் சுண்டலை எடுத்துவைத்திருந்தார்.

அன்று நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. எத்தனையோ பக்கம் எழுதியிருந்தேன், ஆனால் பூக் கொடுக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் சித்தையன்கோட்டைப் பக்கம் கூடை ஏற்றும் பேச்சியம்மாளிடம், தினமும் எதற்காக நிறுத்திப் பூப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்களுக்கு மட்டும் அவசரம் இல்லியாக்கும்? ரயில விட்டா எம் பூவுதானே வாடுது. அந்த டிரைவரு கைகால் எல்லாம் கழுவிட்டு அம்புட்டு ஆசையா வந்து நிக்கிறாரு. போடலன்னா மனசு சங்கடப்படுமேன்னு போடுறோம்."

கருப்பண்ணனிடம் ஓடினேன். அவர், "பொம்பளைங்க ஆசையா நீட்டுறாக, வேணாம்னா மொகம் சுருங்கிரும்ல, அதுக்காகத்தான் எறங்குறேன். எனக்குக் காலையில வீட்டுலயே கும்பிட்டாச்சு தம்பி" என்றார்.

ஆக, யாருக்குமே தேவைப்படாத ஒரு காரியம், ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் பார்த்துப் பார்த்து, தினம் நாலு தடவை நடந்துகொண்டிருந்தது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பேசவைத்தேன். சிரிப்பு அடங்கியபின் பேச்சியம்மாள்தான் வழி சொன்னாள்.

"சாயந்தரம் வெறுங்கூடையோட திரும்பி வாரப்ப போட்டாச் சாமி வேணாம்னுருவாரா? அப்ப ஒரு ரயிலும் இல்ல, செத்த நேரம் நின்னுட்டுத்தான் போங்களேன்."

என் ரிஜிஸ்டரில் சாயங்காலத்துக்குக் கட்டமே கிடையாது. அதனால் சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. அந்த வாரம் பஸ் ஒரு நாளும் ரயிலை விடவில்லை. மாதக் கடைசியில் முதலாளி ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, கருப்பண்ணனைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார். கருப்பண்ணன் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதார். நானும்தான். புது ரிஜிஸ்டர் அச்சடித்தபோது 'பிற காரணம்' என்று மூன்றாவது கட்டம் ஒன்று போடச் சொன்னேன்.

மிஸஸ் ஹார்ட்லியின் "சாரி"க்குப் பிறகு அதே நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எங்கள் டிரைவர் பிராங்க் யாரோடும் பேசாதவர். வண்டியின் முன்னால் அவர் தனியாக உட்காரும் சிறு அறையில் பேப்பரிலிருந்து கத்தரித்த ஒரு கால்பந்துக் கோஷ்டியின் படம் ஒட்டியிருக்கும். தினமும் கும்பிடுவீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். கும்பிட்டும் தோற்கிறார்கள் என்றார். அந்தக் கிழவிக்காக அரை நிமிஷம் நிற்கலாமா என்றதற்கு, அவள் உனக்குச் சொந்தமா என்று கேட்டார். இல்லை என்றதும் குழம்பிப்போனார். தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் உள்ளே இருப்பவர்கள் கோபிப்பார்கள் என்றார். உள்ளே போய்ச் சீட்டு சீட்டாகக் கேட்டேன். முதலில், கட்டணம் ஏறப்போகிறது என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விளங்கிய பிறகு அத்தனை பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: எங்களுக்கென்ன, டிரைவர்தான் கோபிப்பார்.

எனக்கு அந்தக் குளிரில் சித்தையன்கோட்டை வெயில் அடித்தது. இப்போது எங்கள் பஸ் அரை நிமிஷம் நிற்கிறது. மிஸஸ் ஹார்ட்லி ஏறி உட்கார்ந்து, நிறுத்தியதற்காக ஒரு "சாரி" சொல்கிறார். அதை ஒழிக்க எந்த ஆராய்ச்சியாலும் முடியாது போலிருக்கிறது.

போன வாரம் கருப்பண்ணன் கடிதம் எழுதியிருந்தார். பஸ் நேரத்துக்குப் போகிறதாம். சாயங்காலப் பூவுக்கு நாலு ஊருக்கும் மாறி மாறி முறை; வெள்ளிக்கிழமையை மட்டும் எந்த ஊருக்கும் கொடுக்கவில்லையாம். அது 'எழுதுற தம்பி முறை' என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டாளாம். அன்றைக்கு என் பெயரில் அவளே பூக் கொடுக்க, அவர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாத்துகிறாராம்.

அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இங்கே நடுப்பகல். இன்று வெள்ளிக்கிழமை. அந்த நேரத்துக்கு நான் எங்கள் மாடி பஸ்ஸின் மேல்தட்டில் டிக்கெட் கொடுத்துவிட்டுப் பின்படிக்கு இறங்கி வந்தேன். ஒரு நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. ஓடிவருகிறவர் யாரும் இல்லை. மணி அடிக்க வேண்டிய கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. பிராங்க் கண்ணாடியில் பார்த்தார், என்ன காரணத்தாலோ எஞ்சினை அணைத்தார். இனி நான் சொல்வது முருகனுக்குக் கேட்கும். யாருக்காக நிற்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டு இரண்டு முறை மணி அடித்தேன்.