தசரதனும் நாலு பேரும்

"இந்தத் தோள் எங்க ஜனத்துப் பாடைக்குத்தான் குனியும். வேற எவனுக்கும், எமனே வந்து கேட்டாலும், குனியாது!"

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் கூலி லைனில், தட்டி வீடுகளுக்கு நடுவே நின்று தசரதன் இப்படி முழங்கியது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறில். அதுவரை அவன் தோளை யாரும் கேட்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து பசி துரத்த, மாட்டு வண்டியில் வந்து இறங்கியவன். வந்தது பொங்கலுக்கு. ஆடியில் வந்தவர்களை "வந்தேறிங்க" என்றான். பாட்டன் காலம் முதல் பக்கத்துப் பூதிகோட்டையிலேயே இருந்து, லைனுக்கு விறகு கொண்டுவரும் சம்பங்கியையும் "எங்கிருந்தோ வந்த தெலுங்கன்" என்றான். வேதக்காரர்களின், அதாவது கிறிஸ்தவர்களின், வீட்டு வரிசையில் தன் நிழல்கூட விழாதபடி சுற்றிப் போவான். அதனால் ஷிஃப்டுக்குத் தினமும் தாமதம், மேஸ்திரியிடம் தினமும் வசவு. கொள்கை என்றால் சும்மாவா? சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் மட்டும் கொள்கைக்குச் சற்று ஓய்வு. அந்த இரும்புக் கூண்டில் எல்லாரும் எல்லார் மேலும் ஒட்டித்தான் நிற்க வேண்டும். "பூமிக்குக் கீழ நடக்கறது கணக்குல வராது" என்பான்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நாலு பேர் இன்னா சொல்வாங்க?" அந்த நாலு பேரை லைனில் ஒருவரும் பார்த்ததில்லை.

அடுத்த கோடையில் வாந்திபேதி வந்தது. அது எந்த வரிசையையும் சுற்றிப் போகவில்லை. பாதி லைன் சொந்த ஊரைப் பார்த்து ஓடியது. மீதி, தட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டது. வேதக்கார வரிசையில் ஆபிரகாம் விடியற்காலை செத்தான். புதிதாக வந்தவன், மனைவி ஞானசுந்தரியைத் தவிர யாருமில்லை. பக்கத்து வீட்டு ஏசுபாதமும் அவன் மச்சான் நேசமணியும் பாடை கட்டினார்கள். விறகு இறக்க வந்த சம்பங்கி, விறகை அப்படியே போட்டுவிட்டு மூன்றாவதாக வந்து நின்றான்.

வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போன தசரதனை, ஞானசுந்தரி முனையில் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"அண்ணா, ஒரு தோள் குடுங்க. வெயில் ஏறுது. நாய்ங்க சுத்துது."

தசரதன் தொண்டையைச் செருமினான். "அது சரிம்மா... நாலு பேர் இன்னா சொல்வாங்க?"

அவள் திரும்பிப் பாடையைப் பார்த்தாள். "நாலு பேர் எங்கண்ணா? மூணு பேர்தான் நிக்கறாங்க."

கிண்டல் இல்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எமனுக்கே குனியாத தோள், நமக்கா குனியும்? நாமே தூக்கலாம், ரண்டி, வாங்க" என்றான் சம்பங்கி.

மூவரும் தூக்கினார்கள். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. ஆபிரகாமின் கை வெளியே வழுக்கித் தொங்கியது.

தசரதன் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வரிசைக்குள் நுழைந்தான். கையை எடுத்து உள்ளே வைத்தான். தலைப்பாகையை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, காலியாக இருந்த மூலைக்குப் போனான்.

மற்ற மூவரும் குட்டை; அவன் நெட்டை. பாடை சாயாமல் இருக்க, கல்லறைத் தோட்டம் வரைக்கும் குனிந்தே நடந்தான்.