கம்பளத்தில் காய்ந்த நெத்திலி

அந்தச் சிவப்புக் கம்பளம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தரங்கம்பாடிக் கோட்டை வாசலிலிருந்து கடலை நோக்கி விரித்திருந்தார்கள். அதன்மேல் பளபளவென்று என் சித்தியின் நெத்திலி. கோட்டைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணலில்தான் சித்தி நெடுங்காலமாக மீன் காயப்போட்டு வந்தார். சித்தப்பா போன பிறகு பிள்ளைகளுக்குச் சோறு போட்டதே அந்த மணல்தான்.

அன்றைக்கு ஒரு விழா. வெளிநாட்டு விருந்தினருக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் கைடு நான். கருவாட்டு வாடை கூடாதென்று ஏற்பாட்டாளர்கள் கேட்டதும், ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள் கூடி, யாரும் காயப்போடக் கூடாது என்று முடிவு சொல்லிவிட்டார்கள். பெண்களைக் கேட்கிற வழக்கம் எங்கள் பஞ்சாயத்தில் கிடையாது. ஆனால் நெத்திலி பஞ்சாயத்துக்குக் கட்டுப்படுமா? காலையில் வந்த மீன் வெயில் காணாவிட்டால் பொழுது சாய்வதற்குள் கெட்டுவிடும்.

சித்தி கூடையோடு வந்தார். தன் இடத்தில் கிடந்த கம்பளத்தைப் பார்த்தார். கூடையை அதன்மேலேயே கவிழ்த்துப் பரப்பத் தொடங்கினார்.

"என்னம்மா பண்றீங்க?" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார் ஏற்பாட்டாளர்.

"என் எடத்துல நீங்க விரிச்சீங்க, நான் எதாவது சொன்னனா? துணி நல்லாத்தான் இருக்கு. மண்ணு ஒட்டல" என்றார் சித்தி, தலை நிமிராமலே.

விருந்தினர்கள் மணலில் இறங்கி ஒதுங்கி நடந்தார்கள். பழைய நகர வாசலையும், அலை தின்றது போக மிஞ்சிய கோயிலையும் காட்டி முடிக்கும் வரை எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சித்தியோடு யாரும் பேசக் கூடாது என்று பஞ்சாயத்து ஒதுக்கிவைத்தது. சித்தி மறுநாளும் அதே இடத்தில்தான் காயப்போட்டார்.

சித்தி இப்போது இல்லை. இந்த ஆண்டும் விழா வந்தது. "நீங்க சொன்னா கேப்பாங்க மேடம், மீன் காயப்போடுற பொம்பளைங்கள நகரச் சொல்லுங்க" என்றார் புதிய ஏற்பாட்டாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டை கட்டிய வெள்ளைக்காரர்கள் இங்கே வந்ததே வியாபாரத்துக்கு. அவர்கள் வியாபாரத்தை நான் பெருமையாகச் சொல்ல வேண்டும், எங்கள் வியாபாரத்தை மட்டும் மறைக்க வேண்டுமாம்!

கடற்கரைக்குப் போனேன். சித்தியின் மகளும் அங்கே மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மேடம், விருந்தாளிங்க வந்துட்டாங்க!" என்று பின்னாலிருந்து ஏற்பாட்டாளரின் குரல் கேட்டது.

"இங்க கூட்டிட்டு வாங்க சார். மொதல்ல இதைப் பாக்கட்டும். கோட்டை எங்கயும் போயிடாது."