பேய் வீட்டில் நான் பிடித்த கை

இன்று மத்தியானம் குடும்பமாக ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். ஹாலோவீன் வாரம். ஆறு வயது மகள் ஆதிராவுக்கு எலும்புக்கூட்டு உடுப்பு, முகமூடி, கையுறை. அங்கே பார்த்தால் பாதிப் பிள்ளைகளுக்கு அதே உடுப்புத்தான்.

நானும் அவளும் பேய் வீட்டுக்குள் போனோம். கணவர் கைக்குழந்தையுடன் வெளியில் நின்றார்.

உள்ளே கும்மிருட்டு. திடீரென்று ஒரு பேய் அலறியதில் ஆதிராவின் கை நழுவிவிட்டது. துழாவி, உடனே பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டேன். பொன்னிறத் தலைமுடி. யாரோ ஒரு நோர்வேஜியச் சிறுமி! என்னைக் கண்டதும் அவள் வீரிட்டு அழுதாள்.

"ஆதிரா எங்கை?" என்றார் கணவர்.

அந்தப் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, வந்த வாசலாலேயே திரும்ப உள்ளே ஓடினேன். "ஆதிரா! ஆதிரா!" நான் கத்திய கத்தலில் பேயே பயந்துபோய் விளக்கைப் போட்டது.

மூலையில் ஒரு நோர்வேஜியப் பெண் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். ஆதிரா அவரின் தோளைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இவ தன்ரை பிள்ளையைத் துலைச்சுப்போட்டாவாம்."

"நானும் உன்னைத் துலைச்சுப்போட்டனடி!"

"இல்லையே, நான் இஞ்சைதானே நிண்டனான்."

வெளியே அந்தத் தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் ஆதிராவைக் கார் வரைக்கும் கீழே இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் கணவர் விடுகிறாரில்லை. "பெத்த பிள்ளையின்ரை கை தெரியாதோ உமக்கு?"

தாய்மாரே, உண்மையைச் சொல்லுங்கள். இருட்டில், கையுறை போட்ட கை, உங்களுக்குத் தெரிந்திருக்குமா?