இடது பெட்டி

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு எந்தக் கேடும் இல்லை என்று கண்டுபிடித்தது நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. கல்லூரிக்குப் போன பிறகும் தோழிகளிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

அந்த ஆம்ப்ளிஃபையரைச் செய்தவர் மாமா, அம்மாவின் தம்பி. அமரவிளையில் ஆட்டோ ஓட்டினார். மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்து மிக்ஸி, எமர்ஜென்சி லைட், டிவி எல்லாம் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து அவர் கையால் பிரிபடும். யாரிடமும் போய்ப் படித்ததில்லை; திறந்து பார்த்தே பழகியவர். முதல்முதலாக ஒரு சாமானை முழுசாகத் தானே சேர்த்துக் கட்டினார் என்றால் அது இதுதான். பழைய அலமாரிக் கதவை அறுத்து இரண்டு பெட்டி செய்து, அவற்றில் ஸ்பீக்கர் பொருத்தி, முன்னறையின் இரண்டு மூலையிலும் வைத்துத் தந்தார். தன் அக்காவுக்காக, என் அம்மாவுக்காகச் செய்தது. அம்மா ஆறு நாளும் முந்திரி ஆபீஸ் என்கிற தொழிற்சாலையில் பருப்புத் தோல் உரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிக்கும் நடுவே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே பாட்டுக் கேட்பாள். அவளுக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, இடது பக்கத்துப் பெட்டி பாடவில்லை என்று அம்மா சொன்னாள்.

மாமா வந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். பாடியது. அப்பா பார்த்தார், பாடியது. நானும் பார்த்தேன். பிறகு அம்மாவையே அழைத்து வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அம்மா குனிந்து காதைப் பெட்டியோடு ஒட்டினாள். அவளுக்கும் பாடியது. திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்ததும், "நிண்ணு போச்சு" என்றாள்.

பழுது பார்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வாதை கிடையாது. பக்கத்தில் போனால் பாடுகிறது, தள்ளி வந்தால் நின்றுபோகிறது. ஆள் நடக்கும்போது தரை அதிர்கிறது, அந்த அதிர்வில் எங்கோ ஒரு சாலிடர் விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று மாமா முடிவு செய்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி திறக்கப்பட்டது. வயரை இடதும் வலதுமாக மாற்றினார். அம்மா இடது பக்கம்தான் பாடவில்லை என்றாள். பெட்டிகளையே மூலைக்கு மூலை மாற்றினார். அப்போதும் இடதுதான். சாலிடர் முழுவதையும் உருக்கி மறுபடி வைத்தார், பாலன்ஸ் திருப்புகிற குமிழைப் புதிதாக வாங்கிப் போட்டார். அம்மா கிழங்கையும் கத்தியையும் மடியில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்தவளைப் போலத் தம்பியைப் பார்ப்பாள்.

"எலே, நான் சும்மா பறயல்ல கேட்டியா."

"அக்கா பறஞ்சா அது உள்ளதாக்கும்" என்பார் மாமா. நெற்றி வியர்வை பலகையில் சொட்டும். இரண்டு பெட்டியும் பாடுவது அவர் காதுக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனாலும் தன் காதைவிட அக்காவின் வார்த்தையை நம்பினார். அந்த வீட்டில் அம்மாவை நம்பிய ஒரே ஆள் அவர்தான். அந்த நம்பிக்கையைத்தான் நான் கெடுத்தேன்.

அதற்குக் காரணம் எங்கள் ஊர் குளத்தூரில் டீக்கடை வைத்திருந்தவர். கடைக்கு இதேபோல் ஒரு செட் வேண்டுமென்று எங்கள் வீட்டுக்குக் கேட்டுப் பார்க்க வந்தார். அந்த ஒரு வேலை நன்றாக அமைந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள், மெல்ல ஆட்டோவை விட்டுவிடலாம் என்பது மாமாவின் கனவு. வந்தவர் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தபோது, கட்டஞ்சாயா கொண்டுவந்த அம்மா, கேட்காமலே, இடது பெட்டி மட்டும் இடைக்கிடை பாடாது என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் எழுந்து போனார். மாமா ஆம்ப்ளிஃபையரின் மூடியை எடுத்து மறுபடி ஸ்க்ரூ போட ஆரம்பித்தார். ஒரு ஸ்க்ரூ கைநழுவி விழுந்தது. அதைத் தேடக்கூட இல்லை. எனக்கு அம்மாமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. ரேஷன் கடை முதல் பஸ் போர்டு வரை வாசித்துச் சொல்வது நான். ஆகவே இந்த வழக்கையும் தீர்க்க வேண்டியது நான்தான் என்று நினைத்தேன். மாமா அடிக்கடி சொல்லும் பாடம் ஒன்று நினைவிலிருந்தது. "ஒரு நேரம் ஒண்ணைத்தான் மாத்தணும் மக்கா. ரெண்டையும் ஒண்ணிச்சு மாத்தினா கேடு எங்கேண்ணு பிடி கிட்டாது." வயரை மாற்றியாயிற்று, பெட்டியை மாற்றியாயிற்று, குமிழை மாற்றியாயிற்று. மாற்றாமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அம்மா உட்கார்கிற பக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டீக்கடைக்காரரை இன்னொரு தடவை அழைத்து வரும்படி மாமாவை நான்தான் வற்புறுத்தினேன். எல்லோருக்கும் முன்னால் அம்மாவை முன்னறையின் நடுவில் உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். பாட்டைப் போட்டு, பாடாத பெட்டியைக் கையால் காட்டச் சொன்னேன். அம்மா இடது கையை நீட்டினாள். பிறகு அவளை அப்படியே தோளைப் பிடித்துத் திருப்பி, சுவரைப் பார்க்க உட்கார வைத்தேன். இப்போது காட்டு என்றேன். மறுபடியும் இடது கைதான். ஆனால் அது இப்போது மற்றப் பெட்டியை நோக்கி நீண்டது.



"செட்டுக்கு ஒரு கொழப்பமும் இல்ல" என்றேன், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற குரலில். "அம்மைக்க காதுக்காக்கும் சர்வீஸ் வேண்டியது."

முதலில் சிரித்தவர் டீக்கடைக்காரர். பிறகு அப்பா. மாமா சிரித்தாரா அழுதாரா என்று தெரியாதபடி என்னைத் தூக்கிச் சுற்றினார். இத்தனை நாள் ராப்பகலாகத் தேடிய கேடு தன் சாமானில் இல்லை என்ற நிம்மதி அவருக்கு. அம்மா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். காதில் அழுக்கு இருக்கும், தேங்காய் எண்ணெய் காய்ச்சி விட்டால் சரியாகும் என்று அப்பா சொன்னார். இரண்டு நாள் விட்டார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். டீக்கடைக்கு செட் போனது.

அந்தச் சோதனை நடந்த அன்று சாயங்காலம் ஒன்றைப் பார்த்தேன். அம்மா தனியாகப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் இடது காதை மூடினாள், எடுத்தாள். பிறகு வலது காதை மூடினாள். மூடிய கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். தோற்றுப் போன கோபத்தில் பாட்டைக் கேட்க மறுக்கிறாள் என்று நினைத்தேன்.

பெட்டியைப் பற்றி அதன்பின் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. இடத்தை மட்டும் மாற்றி, இடது பக்கம் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். சில சமயம் நான் கூப்பிட்டால் திரும்புவாள், சில சமயம் திரும்பமாட்டாள். என்மேல் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். படித்த மகளிடம் தோற்றதில் என்ன வருத்தம் என்று எனக்கும் வீம்பு.

இப்போது அம்மாவுக்கு இரண்டு காதும் கேட்பதில்லை. போன வருடம் வலதும் அடங்கத் தொடங்கியபோது திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனேன். இடது காது போய்ப் பல வருடமாகிவிட்டது என்றும், அப்போதே வந்திருந்தால் வலதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றும் டாக்டர் மலையாளத்தில் சொன்னார். எப்போது தொடங்கியது என்று அவர் கேட்டதை நான் கையாலும் வாயாலும் அம்மாவுக்குப் புரியவைத்தேன். "அந்தப் பாட்டுப்பெட்டி கேடான சமயம்" என்றாள். இன்னமும் அப்படித்தான் சொல்கிறாள், கேடு பெட்டிக்குத்தான் என்பதுபோல. நான் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சொன்னால் கேட்காது. எழுதினால் வாசிக்கத் தெரியாது. முதுகலை வரை படித்த கை, வெள்ளைத் தாளுக்கு முன்னால் சும்மா இருக்கிறது.

ஆனால் அதை ஒருமுறை நான் சொன்னேன். எண்ணெய் விட்டு ஒரு மாதம் கழிந்திருக்கும். யூனிபார்ம் துணி எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போய்த் திரும்புகிறோம். ஸ்டாண்டில் பஸ் எஞ்சின் அணைத்து நின்றது. முன்பக்கத்து இரட்டை சீட்டில் நாங்கள். துணிப் பொட்டலம் அம்மாவின் மடியில். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அம்மா, அண்ணைக்கு எல்லாருக்க முன்னாலயும் உன்ன அப்பிடிச் செய்தது தப்பாக்கும். எனக்கிட்ட பிணங்காத."

அம்மா பதில் சொல்லவில்லை. அசையக்கூட இல்லை. அந்த நேரம் கண்டக்டர் நடைபாதை வழியாக வந்து, எங்கே போகணும் என்று மெல்லிய குரலில் கேட்டார். அம்மா உடனே அவர் பக்கம் திரும்பி, "குளத்தூர், ஒண்ணரை டிக்கெட்" என்றாள்.

கண்டக்டருக்குப் பதில் உண்டு, எனக்கு இல்லை. இனி யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை என்று அந்த சீட்டில் இருந்தே முடிவு செய்தேன். அதை வெகுகாலம் காப்பாற்றவும் செய்தேன்.

பஸ்ஸில் ஏறியதும், காற்று வேண்டும் என்று அடம்பிடித்து, அம்மாவைத் தாண்டி ஜன்னலோரம் போய், அவளுடைய இடது பக்கத்தில் உட்கார்ந்ததும் நான்தான்.