இலங்கை டொட் கொம், தங்கச்சியின் பெயரில்

உங்கள் நாட்டின் பெயர் என்ன விலைக்குப் போகும் என்று எப்போதாவது விசாரித்துப் பார்த்திருக்கிறீர்களா? தோஹாவில் என் வேலையே அதுதான். கல்முனையில் பிறந்து, கம்ப்யூட்டர் டிப்ளோமா முடித்து, இங்கே ஏசிக்குள் உட்கார்ந்து நாடுகளுக்கு விலை போடுகிறேன். ஒரு நாட்டின் பெயரை இணையத்தில் யார் முதலில் பதிகிறானோ, பிறகு ஹோட்டல்காரனும் டிக்கெட் விற்பவனும் அவனிடம்தான் வர வேண்டும். எங்கள் கஃபீல், அதாவது எனக்கு விசா தந்த முதலாளி, அப்படிப் பெயர்களை வாங்கி விற்கிறவர்.

வந்த புதிதில் ஒரு பட்டியல் போடச் சொன்னார். ஒரே நாடுதான், ஆனால் ஆங்கிலத்தில் எழுதி டொட் கொம் வைத்தால் மாளிகை விலை. டொட் நெட் வைத்தால் அதே மாளிகையின் பின்வாசல். டொட் இன்ஃபோ என்றால் மாட்டுக்கொட்டில். ஜெர்மன், பிரெஞ்சு எழுத்துக்கு ஆள் இருக்கிறது. அரபிக்கு, பொறுத்திரு என்றார். சிலோன் என்ற செத்துப்போன பெயருக்குக்கூட தேயிலையால் மவுசு. தமிழில் 'இலங்கை' என்று எழுதிக் காட்டினேன். "இத யாரு தட்டுவான், உன்ட உம்மாவா?" என்று அரபியில் கேட்டுச் சிரித்துவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

எனக்கு அந்தக் கோடு புதிதில்லை. சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் எங்கள் வளவுக்கும், அதாவது வீட்டுக் காணிக்கும், ரோட்டுக்கும் நடுவே ஒரு கல் நட்டது. கல்லுக்குக் கடல் பக்கம் வீடு கட்டக்கூடாது. ரோட்டுப் பக்கம் இருந்தவனின் காணிக்கு விலை ஏறியது. எங்களுடையது வெறும் மணலானது. எங்களூரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அந்த வளவு தங்கச்சி சுமையாவுக்கென்று வாப்பா வைத்திருந்தது. வாப்பாவையும் காணி உறுதிப் பத்திரத்தையும் ஒரே அலை கொண்டுபோனது.

கோடு இழுத்த அன்றே 'இலங்கை டொட் கொம்'மைத் தமிழ் எழுத்தில் என் காசில் பதிந்தேன். உரிமையாளர் யார் என்று கேட்ட இடத்தில் கை தானாக சுமையாவின் பெயரைத் தட்டியது. சொத்து என்றால் எங்களுக்குப் பெண்பிள்ளையின் பெயர்தான் வரும். அவளுடைய ஈமெயிலையே கொடுத்தேன்.

நாட்டில் சண்டை முடிந்தது. எல்லோருக்கும் திடீரென்று எங்கள் கடற்கரை தேவைப்பட்டது. ஒரு பெரிய ஆள் நாட்டின் பெயரை எல்லா மொழியிலும் கேட்டு வந்தான். கஃபீல் தமிழ்ப் பெயரைத் தேடினார், உரிமையாளரின் முகவரியில் என் ஊரைக் கண்டார், என்னைக் கூப்பிட்டார்.

"யாரு இந்த சுமையா? உன்ட பொண்டாட்டியா?"

"தங்கச்சி."

"தங்கச்சி கம்பனி வெச்சிரிக்காளா?"

"இல்ல. எங்கட ஊருல சொத்து பொம்புளப் புள்ளட பேருலதான் எழுதுற."

"என்னய மடையனாக்குறியா? பேர மாத்தித் தா. அதுக்குப் பிறகு ஊருக்குப் போ."

இங்கே கஃபீல் கையெழுத்து வைக்காமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. சுமையாவுக்கு நிக்காஹ். வாப்பா இல்லாததால் வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளனாக, நின்று அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டியது நான். அவளுக்கு போன் கோல் எடுத்தேன்.

"ஈமெயிலத் திறந்து சம்மதம் எண்டு ஒரு அமத்து அமத்துகா. நான் வந்துருவன்."

"மாட்டன் காக்கா."

"என்னகா விளையாடுறியா?"

"மாப்புள ஊட்டுல வீடு எங்க எண்டு கேக்காங்க. கல்லுக்கு அங்கால மணலக் காட்டச் சொல்றியா? என்ட பேருல இரிக்கிறது அது ஒண்டுதான்."

"அதுக்குள்ள குடியிருக்க ஏலுமாகா?"

"மணலுக்குள்ள மட்டும் ஏலுமா?"

"அப்ப வலி யாரு? வாப்பாட தம்பி சாச்சாவா?"

"நீ நிண்டாத்தான் நான் ஓம் எண்டு சொல்லுவன். பாஸ்வேர்டையும் மாத்திட்டன்."

வைத்துவிட்டாள். கோபம் வந்தது. அவள் சொன்னதில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. அந்தப் பெயருக்கு முதன்முதலாக விலை கேட்டு வந்திருக்கிறார்கள். விற்றால் நான் அந்த நாட்டுக்குப் போகலாம். விற்காவிட்டால் நாடு எங்களுடையது, நான் மட்டும் இங்கே.

நிக்காஹ் வெள்ளிக்கிழமை. இன்று புதன். மூன்று மொழியிலும் நாட்டின் பெயர் அச்சடித்த என் பாஸ்போர்ட் கஃபீலின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.