லூர்து முசியேவுக்கு உகந்த படகு

பாய்மரப் படகு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு எது உகந்த படகு என்று சொல்வது என் தொழில். புதுச்சேரியில் இதற்கென்று ஓர் ஆள் இருப்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அடுத்த முறை தெரியாதது போலப் போய்விடுகிறார்கள். வரன் பார்க்கிறவர்களுக்கும் மனை காட்டுகிறவர்களுக்கும் என் பாடு சொல்லாமலே புரியும்.

விசாரணை

லூர்து முசியே (பிரெஞ்சில் ‘ஐயா’) பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வயது அறுபத்தெட்டு. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதாம், பிறந்தது காரைக்காலில். காரைக்காலும் புதுச்சேரிதான், ஆனால் பஸ்ஸில் போனால் நடுவே தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். முட்டி ஒத்துழைக்கும்போதே, ஒரு முறையாவது மனைவியைக் கடல் வழியாகப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

நான் நோட்டைத் திறந்தேன். எத்தனை பேர் படுப்பீர்கள், குடிதண்ணீர் எத்தனை லிட்டர், காற்று நின்றால் மோட்டார் வேண்டுமா, கழிப்பறைக்குக் கதவா திரைச்சீலையா? ஒன்றரை மணி நேரம் கழித்து முசியே கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, காரைக்காலுக்குப் போய்ட்டு வர ஒரு படகு கேட்டேன். நீ எனக்கு ரெண்டாந்தாரம் பாக்கற மாதிரி விசாரிக்கிறியே!”

முதல் படகு

சென்னையில் ஒன்று கிடைத்தது. இருபது அடி, பழசு, ஆனால் விரிசல் இல்லை. முசியேவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நான் கூடாது என்றேன். படகு கவிழாமலிருக்க அடியில் பொருத்தும் கனமான கீல், அதில் நாலரை அடி ஆழம் இறங்கியிருந்தது. எங்கள் ஊர்த் துறைமுகமான தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் தரை தட்டும். காரணத்தில் பிழையே கிடையாது. இன்று கேட்டாலும் படம் போட்டு விளக்குவேன்.

சோதனை ஓட்டங்களுக்கு எனக்குத் துணை வைத்திக்குப்பத்து மீனவர் செல்வம். பங்குனியில் கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து நானே வெளியே கொண்டுபோகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். நான் சராசரி ஆழத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். செல்வம் பீடியை அணைத்தார். “சார், நீங்க சொல்ற மணலு வருசம் பூரா அங்கயே குந்திக்கினு இருக்காது. நீங்கதான் குந்திக்கினு இருக்கீங்க.”

கூடத்தில் ஒரு படகு

அடுத்த வருடம் கொச்சியில், கீலை மேலே தூக்கிக்கொள்ளும் படகு ஒன்று. மணல் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தூக்கிய கீல் உள்ளறையின் நடுவே பீரோ மாதிரி நிற்கும். இடம் போதுமா என்று பார்க்க, முசியே வீட்டுக் கூடத்தில் அந்த அறையைச் சாக்பீஸால் வரைந்து, கீலுக்குப் பதில் இஸ்திரி மேசையை நிறுத்தி, தம்பதியை ஒரு மாலை முழுக்கக் கோட்டுக்குள்ளேயே இருக்க வைத்தேன். முசியே இரண்டு முறை மேசையில் முட்டிக்கொண்டார். அந்தப் படகையும் தள்ளினேன். மதாம் கோட்டைத் தாண்டாமல் காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நாப்பது வருசம் இவரோட குடித்தனம் பண்ண வீட்டயே நான் அளந்து பாக்கல தம்பி.”

உகந்த படகு

மூன்றாம் வருடம் கிடைத்தது. கீல் உள்ளறைத் தரைக்கு அடியிலேயே மடங்கிக்கொள்ளும். நிமிர்ந்து நிற்கலாம். கழிப்பறைக்குக் கதவே இருந்தது. குறை ஒன்றும் அகப்படாமல் எனக்கே சங்கடமாகிவிட்டது. முசியே வாங்கினார்.

அதற்குள் அவருக்கு வலது முட்டியில் ஆபரேஷன் முடிந்து, இடது முட்டி முறைக்குக் காத்திருந்தது. தேங்காய்த்திட்டில் மேடையிலிருந்து படகுக்கு ஒரே ஓர் எட்டு. செல்வம் கையைப் பிடித்துக்கொண்டார். படகு ஆடியது. முசியே காலைத் தூக்கினார், இறக்கினார். மூன்று முறை. பிறகு மேடையிலேயே நின்றபடி, பாய் என்ன துணி என்று என்னைக் கேட்டார். நான் விரிவாகப் பதில் சொன்னேன்.

அந்தச் சென்னைப் படகை வேறொரு தம்பதி வாங்கி, பங்குனியில் செல்வத்தோடு காரைக்கால் போய் வந்தது எனக்கு முன்பே தெரியும். நான் சொல்லவில்லை, செல்வம் சொல்லிவிட்டார். மதாம் கணவரின் செருப்பைக் குனிந்து சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார். “இதுல ஒரு கொறையும் இல்ல தம்பி. அந்தக் கொறையுள்ள படகுல நான் எங்க வீட்டுக்குப் போயிருப்பேன்.”

என் ஆலோசனையில் வாங்கிய படகு எதுவும் இதுவரை மூழ்கியதில்லை. மூழ்குவதற்கு அது முதலில் கடலுக்குப் போக வேண்டுமே.