கண்ணுக்கு மேல் வைத்த கண்

1. பஸ் ஸ்டாப் போட்டோ

கம்பளியில் முகம் செய்யக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த நம்பர் ஊசி வாங்க வேண்டும் என்பதைத்தான். அதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பத்மினி காட்டிய போட்டோவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

போட்டோ அவள் போனில் இருந்தது. பாலாநகரில் ஒரு பஸ் ஸ்டாப். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஸ்கூல் யூனிபார்மில், பையின் வாரைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்து நிற்கிறான். எதிர்ப்பக்கம் நின்ற ஆட்டோவுக்குள்ளிருந்து எடுத்த படம். ஓரத்தில் ஆட்டோவின் கம்பி தெரிந்தது.

"இந்த வருஷத்துக்கு இதப் பாத்துப் பண்ணுங்க ஆண்ட்டி" என்றாள்.

பத்மினியின் மகன் அபி, ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டவன். அது நடந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

2. முதல் முகம்

லோத்குண்டாவில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. யூட்யூபில் யாரோ நாய்க்குட்டி செய்வதைப் பார்த்து ஆரம்பித்தேன். நாய், பூனை, அப்புறம் மனிதர்கள்.

வேலை இவ்வளவுதான். கம்பளிப் பஞ்சை ஃபோம் மேல் வைத்து ஊசியால் குத்த வேண்டும். ஊசியின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொக்கிகள் இருக்கும். உள்ளே போகும்போது இழையை இழுத்துக்கொண்டு போகும், வெளியே வரும்போது விட்டுவிட்டு வரும். குத்தக் குத்தப் பஞ்சு இறுகி மூக்காகும், கன்னமாகும். உருவத்துக்கு முப்பத்தாறாம் நம்பர் ஊசி, தோலுக்கு நாற்பது. கண்ணாடிக் கண் தனியாக வாங்கிப் பதிப்பேன். முடிந்ததை ஆழமான ஃப்ரேமில் வைத்துக் கொடுப்பேன்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த வேலையில் சேர்க்கலாம், எடுக்க முடியாது. உள்ளே போன இழை போனதுதான்.

பாலாநகர் ஃபாக்டரியில் ரிட்டயரான எங்கள் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார்: "உன் ரூம்ல எல்லாரும் சிரிக்கறாங்க, ஒருத்தனும் மூச்சு விடமாட்டேங்கறான். எனக்கு அங்க உக்காந்து காபி குடிக்க முடியலடி."

அப்படிப்பட்ட ரூமுக்குத்தான், அபி போன சில மாதத்தில், பத்மினியும் அவள் புருஷன் முரளியும் வந்தார்கள். அவள் பேகம்பேட்டில் ஒரு ஆபீசில் வேலை செய்கிறவள். அபியின் கடைசிப் பிறந்தநாள் படத்தைக் கொடுத்தாள். முன்பல் ஒன்று விழுந்த ஓட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஓட்டையையும் அப்படியே வைத்துச் செய்தேன்.

ஃப்ரேமைக் கையில் வாங்கிய முரளி அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, ரொம்ப கரெக்டா இருக்கு. கொஞ்சம் தப்பாப் பண்ணியிருக்கலாம்" என்றான். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

3. ஆறு, ஏழு, எட்டு

அடுத்த வருஷம் அபியின் பிறந்தநாளுக்குப் பத்மினி மட்டும் ஃப்ரேமோடு வந்தாள்.

"ஆண்ட்டி, இன்னிக்கு அவனுக்கு ஆறு. பல்லு முளைச்சிருக்கும் இல்ல?"

"வேண்டாம்மா, இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"நக்கோ ஆண்ட்டி, நக்கோ. அப்படி வேண்டாம். கிளாஸ் பசங்க எல்லாம் வளந்துட்டாங்க. இவன் மட்டும் பல்லில்லாம உக்காந்திருக்கான்."

ஒரு பல்தானே என்று வெள்ளைக் கம்பளியை எடுத்தேன். பல் வந்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டாள். ஒரு தாய் பசித்துச் சாப்பிட்டால் அது நல்ல வேலைதான் என்று எனக்குப் பட்டது.

அப்புறம் ஒவ்வொரு வருஷமும் வந்தாள். வளர்கிற பிள்ளைக்குக் கன்னம் வற்றும், தாடை நீளும். கம்பளியில் கன்னத்தை வற்ற வைக்க முடியாது. சுற்றிலும் நெற்றி, தாடை, மூக்கு எல்லாவற்றையும் ஏற்றித்தான் கன்னத்தைச் சின்னதாகக் காட்ட வேண்டும். முகம் ஒவ்வொரு வருஷமும் ஒரு சுற்றுப் பெருத்தது. பெரிய ஃப்ரேமுக்கு மாற்றினோம். முரளியின் ஸ்கூல் படம் கொஞ்சம், பத்மினியின் சாயல் கொஞ்சம், மீதியை நானே மனசில் பார்த்துச் செய்தேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் யாதம்மா பெருக்கிக்கொண்டே வந்தவள், ஒரு வருஷம் ஃப்ரேமுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். "ஈ பிலகாடு பெத்தோடய்யிண்டு கதம்மா!" பையன் பெரியவனாகிவிட்டானே என்று தெலுங்கில் கேட்கிறாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த மூலையை மட்டும் பெருக்காமல் போனாள்.

ஒன்பதாவது வயதில் கண் பிரச்சினை வந்தது. முகம் பெரிதாகிவிட்டது, கண் ஐந்து வயதுக் கண்ணாகவே இருந்தது. அதைத் தோண்டி எடுத்தால் குழி கிழிந்துவிடும். அதனால் அந்தக் கண்கள் மேலேயே தோல் நிறக் கம்பளியைப் போர்த்தி, குத்தி மூடி, அதன்மேல் பெரிய கண்களைப் பதித்தேன். மூடும்போது ஊசி கண்ணாடியில் பட்டு டிக்கென்று ஒரு சத்தம். இன்னொரு டிக். எத்தனையோ முகங்களில் எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு, வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

4. "நீங்கதானே காமிச்சீங்க"

இப்போது அந்த பஸ் ஸ்டாப் போட்டோவுக்கு வருகிறேன். பத்மினி ஃப்ரேமை மேஜை மேல் வைத்து, போனை அதன் பக்கத்தில் பிடித்தாள். போன வருஷம் நான் யாரையும் பார்க்காமல் வைத்த மூக்கு, நுனியில் லேசாக இடதுபக்கம் சாய்ந்தது, அந்தப் பையனுக்கு இருந்தது. நெற்றியும் அதேதான். கம்பளி முகத்தைப் பார்த்து அவன் வளர்ந்த மாதிரி இருந்தான்.

"யாரும்மா இந்தப் பையன்?"

"பாத்தாத் தெரியலயா ஆண்ட்டி?"

"அக்கா பிள்ளையா, அண்ணன் பிள்ளையா?"

அவள் சிரித்தாள். "நீங்கதானே காமிச்சீங்க, இந்த வயசுல இப்படித்தான் இருப்பான்னு. அதை வச்சுத்தானே தேடினேன். ஆட்டோல போறப்ப பாத்தேன். 'அபி'ன்னு கூப்ட்டேன். திரும்பிப் பாத்தான் ஆண்ட்டி!"

"ரோட்ல யார் கத்தினாலும் பசங்க திரும்பிப் பாக்குமேம்மா."

"அப்புறம் ஒருத்தி வந்து கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. தினமும் வர்றா. அவனோட அம்மா மாதிரியே பண்றா." கோபம் கொஞ்சமும் இல்லை அவள் குரலில். பால்காரன் கணக்கைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "வெள்ளிக்கிழமை அவன் பொறந்தநாள். அந்தப் பொம்பள வர்றதுக்குள்ள நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். போட்டோ எதுக்கு, நேர்லயே உக்கார வச்சுப் பண்ணிடுங்க. ஃப்ரேம் இங்கயே இருக்கட்டும்."

அவள் போனதும் முரளிக்குப் போன் செய்தேன். அவன் உடனே வந்தான். ஃப்ரேமின் பக்கம் திரும்பவே இல்லை.

"வீட்ல அது ஹால்ல இருக்கு ஆண்ட்டி. நான் அஞ்சு வருஷமா அதப் பாக்காமத்தான் டிபன் சாப்பிடறேன். வேண்டாம்னு சொன்னா, நீ அவனை மறந்துட்டேன்னு அழறா. நிஜத்துல அவன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. கண்ணை மூடினா இதுதான் வருது."

எங்கள் வீட்டுக்காரர், "மொதல்ல அந்தப் பையனோட ஸ்கூல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். யூனிபார்மை வைத்து ஸ்கூலைக் கண்டுபிடித்து, முரளி போய்ச் சொல்லிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை அந்தப் பையனின் அம்மா ஸ்கூல் கேட்டுக்குள்ளேயே வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

ஆனால் வெள்ளி போனால் திங்கள் வரும். பத்மினியை எத்தனை கேட்டில் நிறுத்த முடியும்?

5. உள்ளே இருந்தவன்

எடுக்க முடியாது என்று சொன்னேன் இல்லையா? எடுக்க முடியாது, அறுக்கலாம். கம்பளிக்காரர் யாரும் செய்யாத வேலை அது.

வெள்ளிக்கிழமை காலையில் பத்மினியைக் கூப்பிட்டேன். முரளியும் லீவு போட்டுவிட்டு வந்து வாசலோரம் நின்றான். அவள் கண்ணெதிரே பெரிய கண்களைப் பிடுங்கினேன். அவள் எழுந்தாள். "ஆண்ட்டி, என்ன பண்றீங்க? கைக்கு ஆண்ட்டி, கைக்கு?" ஏன் ஏன் என்று கத்துகிறாள். முரளி அவளைப் பிடித்துக்கொண்டான். நான் பிளேடை நிறுத்தவில்லை.

வருஷா வருஷம் தோல் நிறம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்ததால், அறுத்த இடத்தில் வளையம் வளையமாகத் தெரிந்தது. பன்னிரண்டுக்காக ஒன்றும் சேர்க்கவில்லை. பதினொன்று, பத்து, ஒன்பது. சீவல் சீவலாக மடியில் விழுந்தது. பிளேடு ஓரிடத்தில் டிக்கென்று நின்றது.

அங்கிருந்து விரலாலேயே பிரித்தேன். பிய்ந்த பஞ்சுக்கு நடுவில் ஒரு சின்னக் கண் வந்தது, அப்புறம் இன்னொன்று. கன்னம் இல்லை, வாய் இல்லை, எல்லாம் நார்நாராகக் கிடந்தது. அந்த இரண்டு கண்கள் மட்டும் வெளிச்சத்தை வாங்கி மின்னின, கூச்சத்தில் முழிக்கிற மாதிரி.

பத்மினியின் சத்தம் நின்றது. கிட்டே வந்து குனிந்தாள்.

"இவ்ளோ நாளா இருட்டுலயா இருந்தான்?"

அவள் விரலால் அந்தக் கண்ணின் மேல் ஒட்டியிருந்த ஒரு இழையை எடுத்தாள், தூங்கி எழுந்த குழந்தைக்குப் பீளை எடுக்கிற மாதிரி.

"இவன் சின்னவன் ஆண்ட்டி" என்றாள். "இவன் தனியா பஸ்ல எல்லாம் போக மாட்டான். இவனுக்கு பஸ்னா பயம்."

பிறகு போனை எடுத்து முரளியின் கையில் வைத்தாள். "அந்த பஸ் ஸ்டாப் போட்டோவ நீயே அழிச்சுடு. என்னால முடியாது." முரளி அப்போதுதான் திரும்பி அந்தக் கண்களைப் பார்த்தான். "ஹவ், ஆமா, இவன்தான்" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அபிக்காக இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அதுவரை தனித்தனியாகத்தான் அழுதிருக்கிறார்கள்.

அந்த முகத்தை நான் மறுபடி சரிசெய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. பிய்ந்தபடியே துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். இப்போது டாக்டரிடம் போகிறாள், ஆபீசுக்கும் போகிறாள்.

அறுத்த சீவல்கள் ஒரு கவரில் என்னிடமே தங்கிவிட்டன. நல்ல மெரினோ கம்பளி. இன்னொரு முகத்துக்கு உள்ளே வைத்து அடைக்கலாம், யாருக்கும் தெரியாது. என்னால் முடியவில்லை. எரிக்கலாம் என்றால் கம்பளி சட்டென்று எரியாது, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். கவர் பரண்மேல் இருக்கிறது. யாதம்மா பரணைத் தூசு தட்டுவதில்லை.

போன மாதம் பாலாநகரில் பஸ் மாறும்போது அந்தப் பையனைப் பார்த்தேன். பையின் வாரைக் கடித்துக்கொண்டு நின்றான். பயந்துகொண்டேதான் முகத்தைப் பார்த்தேன். தாடை வேறு மாதிரி அகன்றிருந்தது. மூக்கு நிமிர்ந்துவிட்டது. உதட்டுக்கு மேலே பூனைமுடி மாதிரி மீசை அரும்பியிருந்தது. நான் செய்த முகம் அவனிடம் கொஞ்சமும் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

என்னிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் கண்டித்துச் சொல்கிறேன். போட்டோவில் இருக்கிறதைச் செய். பல் இல்லையென்றால் பல் வேண்டாம். முடித்துக் கொடுத்த முகத்தில் திரும்ப ஊசி வைக்காதே.

சரி, ஊசிக்கு வருவோம். முப்பத்தாறு இரண்டு, நாற்பது நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது சீக்கிரம் உடையும்.